பதினாலுக்குப் பன்னிரண்டு

ஏணியில் நின்று ஒரு ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். பின்னால் தொம் தொம்மென்று தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டு மதாமும் அவருடைய தங்கையும் ஹாலின் நடுவில் நின்று காற்றை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் ஐம்பதை நெருங்குகிற வயது, கனத்த உடம்பு. கையில் ஒரு சாண் நீள வெள்ளைக் குச்சி. வீசுகிற வேகத்தில் அது பறந்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு வார். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு டி.வி. அதில் இரண்டு பொம்மைகள் டென்னிஸ் ஆடுகின்றன. மதாம் கையை வீசினால் ஒரு பொம்மை வீசுகிறது, தங்கை வீசினால் இன்னொன்று. ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், வியர்த்து விறுவிறுத்துச் சிரிக்கிறார்கள். ஷார்ஜாவுக்கு வந்த பதினேழு வருஷத்தில் எத்தனையோ ஹால்களில் நின்றிருக்கிறேன். இல்லாத பந்தை இப்படி விரட்டி விரட்டி அடிக்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன். சிட்டையில் எழுதிய அளவு தப்பாகிப்போய், மறுபடியும் டேப்பை இழுக்க வேண்டியதாயிற்று.

கர்ட்டன் கடையில் அளவெடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஆட்கள் குடிவருவதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். சாமான் எதுவும் வராத வெறும் வீடு, பெயிண்ட் வாடை, கைதட்டினால் எதிரொலிக்கும் ஹால். உள்ளே நுழைந்த மாத்திரத்தில் இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று சொல்லிவிடுவேன். டேப் வைத்துப் பார்த்தால் அரை அங்குலம்கூடப் பிசகாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினேழு வருஷமாக என் கண் பார்த்துப் பழகியதெல்லாம் காலி வீடு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மூக்கு உடைபட்டது இதனால்தான்.

அன்று அந்த ஹாலைவிட்டு வெளியே வர எனக்கு மனசே இல்லை. வேலை முடிந்தும் ஏணியை மடக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மதாம், திஸ் கேம், ஹவ் மச் ஸ்பேஸ்?" என்று கேட்டேன். ஏணி போட இடம் போதவில்லை என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். ஐயோ பாவம் என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து சோபாவை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். நோ நோ என்று நான் பதறி, "மை டாட்டர், தேர்ட்டீன் இயர்ஸ், ஷீ லைக்" என்றேன். மதாமின் முகம் இளகிப்போயிற்று. உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்து என் கையில் திணித்தார். நான் யாசகம் கேட்டதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "ஐ பை, மதாம், ஐ பை" என்று பையை ஏணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். வேனில் உட்கார்ந்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை. வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இனி வாங்காமல் தீராது.

இந்த ஆத்திரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், அஃப்ரின். எட்டாம் வகுப்பு. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் எங்கள் ஊர், பள்ளிக்கூடம் பட்டுக்கோட்டையில். ஆடி மாசம் அவளுடைய பி.டி. மிஸ் ஷட்டில் டீமுக்கு ஆறு பெண்களைப் பொறுக்கியெடுத்தார். அதில் இவளும் ஒருத்தி. என் மனைவி ஜுலைகா போனில் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கே விளையாடுகிறார்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஷட்டிலுக்குக் காற்று ஆகாது, நம் பக்கமோ கடல்காற்று. அதனால் மிஸ் ஒரு தேங்காய் குடோனைப் பேசி வைத்திருக்கிறார், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே கூட்டிப் போய்விடுவார் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தேங்காய் குடோன் என்றால் எனக்குத் தெரியாதா? லாரி நிற்கும், மட்டை உரிக்கிறவர்கள் இருப்பார்கள், லோடுமேன்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் நம் பிள்ளை குதித்துக்கொண்டிருப்பதா? அப்புறம் இருட்டுகிற நேரத்தில் பஸ் ஏறி வர வேண்டும். நான் ஊரில் இருந்தால் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். இல்லாதவன் என்ன செய்வேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தை. போன் வழியாக ஒரு வார்த்தை சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா உங்களுக்கு?

அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. சரித்தா என்றாள்; எங்களில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கப்புறம் மூன்று மாசம் "ம்" மட்டும்தான். சாப்பிட்டியாம்மா? ம். பரீட்சை எழுதினியா? ம். மழை பெய்யுதா? ம். முன்பெல்லாம் போனை வைக்க விடாமல் வளவளவென்று பேசுகிற பிள்ளை. இங்கே ஆறு பேர் தங்கியிருக்கிற அறையில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கிற இரண்டடி இடுக்கில் நின்றுகொண்டு, அந்த "ம்"மைக் காதில் வாங்கிக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவித்தேன். சபுருக்கு, வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போனவன் வீட்டைவிட்டுத் தூரமாக இருப்பது புதிதா என்ன. ஆனால் பிள்ளை பக்கத்தில் இருந்துகொண்டே தூரமாகப் போவதை அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் மதாம் வீட்டில் அந்தக் குச்சியைக் கண்டேன். வீட்டுக்குள்ளேயே ஓடலாம், குதிக்கலாம், வியர்க்கலாம். குடோன் வேண்டாம், பஸ் வேண்டாம், லாரிக்காரன் வேண்டாம். அல்லாவே வழி காட்டினான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்குவது என்று முடிவெடுத்த பிறகுதான் தெரிந்தது, இதில் ஏகப்பட்ட வகை. பக்கத்துக் கட்டில் செல்வம் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். அண்ணன் பேராவூரணிக்காரர், எதை வாங்கினாலும் தேங்காய் வாங்குவதுபோல் தட்டிப் பார்ப்பவர். கடைப் பையன் ஒரு மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாக விளக்கினான். ஒன்று, மதாம் வீட்டில் பார்த்ததுபோல் குச்சி வகை. டி.வி.க்குக் கீழே ஒரு சின்னப் பட்டையை வைக்க வேண்டும், குச்சி எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்குமாம். இன்னொன்றில் கையில் எதுவுமே வேண்டாம். டி.வி. மேல் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கும். நம் உடம்பு முழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்து, நாம் குனிந்தால் பொம்மையும் குனியும். மூன்றாவது, தலையில் மாட்டிக்கொள்கிற வகை. கண்ணை மூடிவிடும், உள்ளே வேறு உலகம். செல்வம் அண்ணன் ஆசைப்பட்டு அதை மாட்டிக்கொண்டார். உள்ளே என்ன தெரிந்ததோ, ஒரு அடி முன்னால் வைத்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆளை வீட்டிலேயே குருடாக்குகிற சாமான் நமக்கெதற்கு பாய் என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மனசு கேமரா வகையில் இருந்தது. குச்சியில் கைக்கு மட்டும்தான் வேலை. கேமரா என்றால் காலுக்கும் வேலை. ஓடுகிற பிள்ளைக்கு அதுதானே சரி? கடையில் நின்றபடியே ஜுலைகாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். ஹாலுக்குள் கேமராவா என்று கேட்டாள். நாங்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அது பார்த்துக்கொண்டே இருக்குமா என்றாள். அது போட்டோ எடுக்காது, அசைவை மட்டும்தான் பார்க்கும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். கடைப் பையனைக் கேட்டேன். அவனும் தோளைக் குலுக்கினான். கேமரா போயிற்று. குச்சி வகைதான் என்று முடிவானது.

பில் போடும் முன் அவன் ஒரு கேள்வி கேட்டான். டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? நல்லா வீசி ஆட ஏழெட்டு அடியாவது வேணும் சேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறான்! ஊரில் எங்கள் வீட்டைக் கட்டியது நான். கர்ட்டன் கடை ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் நானே பிளான் வரைந்து, வாட்ஸ்அப்பில் கொத்தனாருக்கு அனுப்பி, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியது. ஹால் மட்டும் பெரிசாக இருக்கட்டும் என்றபோது எதற்கு என்று கொத்தனார் கேட்டார். அப்போது அஃப்ரினுக்கு ஐந்து வயது. பிள்ளை ஓடி விளையாடணும்ல என்றேன். அந்த ஞாபகம் வந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பதினாலுக்குப் பன்னிரண்டு" என்றேன். ஓ, தாராளம் என்றான் அவன். அண்ணன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வாங்கிவிட்டோம்.

ஐப்பசியில் ஊருக்குப் போனேன். திருச்சியில் இறங்கி வேனில் வரும்போது தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு வரைக்கும் ரோட்டில் பாதி நெல்லாகக் கிடந்தது. குறுவை அறுப்பு. மழைக்கு முன்னால் காய வைத்துவிட வேண்டும் என்று கொள்முதல் நிலையத்துக்கு வெளியே சனங்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்கள். வண்டி ஊர்ந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மற்ற சாமானையெல்லாம் வேன் மேலே கட்டச் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, தங்கமா பாய் என்று கேட்டார். சும்மா இருங்க, ரோட்டைப் பாருங்க என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள், அவளும் வந்தாள். சலாம் சொன்னாள். வளர்ந்திருந்தாள். கை நீண்டுவிட்டது. பயணம் எப்படித்தா இருந்துச்சு என்று மரியாதையாகக் கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். பெட்டியைக் கொடுத்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, வந்தது.

மறுநாள் காலையில் டி.வி.யோடு இணைத்தேன். பட்டையை வைத்தேன், வாரை அவள் மணிக்கட்டில் நானே மாட்டினேன். பின்னாலே போம்மா, இன்னும் போ என்றேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். தொடையில் டீப்பாய் இடித்தது. நகர்த்தினேன். இன்னொரு அடி. சோபா. அப்போதுதான் நான் என் ஹாலைப் பார்த்தேன். ஏழு பேர் உட்காரும் சோபா செட். கண்டெய்னரில் நான் அனுப்பியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேஜை. அவர்கள் சாப்பிடுவது தரையில். கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் ஒரு நாளும் சோறு போடாத டின்னர் செட் இரண்டு. சமையலறைக் கதவுக்குள் நுழையாததால் ஹாலிலேயே நிற்கும் இரட்டைக் கதவு பிரிட்ஜ். மூலையில் என் கையெழுத்தில் பெயர் எழுதிய அட்டைப் பெட்டிகள், கம்பளிகள், அதன்மேல் கம்பளிகள். தஞ்சாவூர் ஜில்லாவில் எவன் வீட்டில் இத்தனை கம்பளி வேண்டும்? வருஷா வருஷம் வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போகிறேன், ஒரு தடவைகூட இது என் கண்ணில் படவில்லை. என் மனசில் இருந்த ஹால் கொத்தனார் அனுப்பிய போட்டோவில் இருந்த ஹால். சுவர், ஜன்னல், காலித் தரை.

பையிலிருந்து டேப்பை எடுத்தேன். என்னங்க இது, அதை வேற அளக்கணுமா என்று ஜுலைகா அடுப்படியிலிருந்து கேட்டாள். அளந்தேன். நீளத்தில் நாலரை அடி, அகலத்தில் மூன்றே கால். அவ்வளவுதான் என் பதினாலுக்குப் பன்னிரண்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது. பரவாயில்லை, ஆடிப் பார்ப்போம் என்றேன். அஃப்ரின் முதல் பந்துக்கு முழுக் கையையும் எடுத்து, ஷட்டிலில் ஸ்மாஷ் அடிப்பதுபோல் மேலிருந்து வீசினாள். விரல் முட்டி ஷோகேஸ் விளிம்பில் பட்டு டங்கென்றது. கண்ணாடி உடையவில்லை, கைதான் புடைத்துவிட்டது. ஜுலைகா ஐஸ் கட்டியோடு ஓடிவந்தாள்.

ஐஸை வைத்துக்கொண்டு அஃப்ரின் சோபாவில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. திரையில் பந்து வந்துகொண்டிருந்தது. அவள் சும்மா மணிக்கட்டைச் சுண்டினாள். பொம்மை ஓடிப்போய் அடித்தது. மறுபடி சுண்டினாள், மறுபடியும் அடித்தது. ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்தபடியே அந்த மெஷினைத் தோற்கடித்துவிட்டாள். குச்சியைக் கீழே வைத்தாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு விஷயத்தைத் தெரிவிக்கிற குரல்.

"அத்தா, இதுக்கு ஓடவே வேணாம்."

அந்த நாலு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அன்று முழுக்க நான் ஒரு நிலையில் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு ஹாலைக் காலி செய்ய ஆரம்பித்தேன். மேஜையைத் திண்டாடித் திண்டாடி உள் அறைக்கு இழுத்தேன், கதவில் மாட்டிக்கொண்டது. பெட்டிகளை மாடிப்படியில் ஏற்றினேன். சோபாவில் கை வைத்தபோது ஜுலைகா வந்து குறுக்கே நின்றாள். அதைத் தொடாதீங்க என்றாள். ஏன், நீங்கள் யாரும் இதில் உட்காருவதே இல்லையே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. நாங்க ஏன் உட்காரணும், அது நீங்க வந்தா உட்கார்றதுக்கு வெச்சிருக்கிறது என்றாள். பதினோரு மாசம் உறை பிரிக்காமல் எனக்காக ஒரு ஆளின் அளவு இடத்தை அவள் காத்து வைத்திருக்கிறாள். நான் அனுப்பிய சாமானையெல்லாம் அப்படித்தான் காத்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

ஜுலைகா ஷோகேஸைத் திறந்து, டின்னர் செட் பெட்டிக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மாவட்டப் போட்டிக்கான சம்மதக் கடிதம். பி.டி. மிஸ் இரண்டாவது தடவையாகக் கொடுத்தனுப்பியது. பெற்றோர் கையெழுத்து என்கிற இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நானே போட்டிருக்கலாங்க. நீங்க வேணாம்னதுக்கு மேல நான் போட்டா, அவ ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் தெரியாமப் போற மாதிரி ஆயிடும். அப்பிடி அவ விளையாட வேணாம்" என்றாள். இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அஃப்ரினோடு பட்டுக்கோட்டை போனேன். பஸ்ஸில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வழியெல்லாம் தூறல். குடோன் வாசலில் நான் நினைத்தபடியே ஒரு லாரி நின்றது, நான் நினைத்தபடியே இரண்டு பேர் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாதிக் குடோனில்தான் தேங்காய்; மீதிப் பாதியில் சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு போட்டு வலை கட்டியிருந்தது. கொப்பரை வாடை, உச்சியில் தகரக் கூரை, அதன்மேல் மழைச் சத்தம். நுழைந்ததுமே என் கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. நாற்பதுக்கு எழுபது, உயரம் இருபத்தைந்து. ஒரு நாற்காலி கிடையாது, ஒரு அட்டைப் பெட்டி கிடையாது. சாமான் வராத வீடு மாதிரி இருந்தது. மிஸ் சலவை வாசம் போகாத டிராக் சூட்டில் வந்து வணக்கம் சொன்னார். முழுக்கைச் சட்டைதான் எல்லோருக்கும், தலையில் முக்காட்டுக்கும் தடையில்லை சார் என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். அஃப்ரின் இரவல் பேட்டை வாங்கிக்கொண்டு கோட்டுக்குள் போனாள். புடைத்த முட்டியில் ஜுலைகாவின் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். மூன்று மாசம் ஆடாத பிள்ளை. முதல் நாலைந்து பந்தைக் கோட்டை விட்டாள். அப்புறம் கால் ஞாபகப்படுத்திக்கொண்டது. வலைக்கு ஓடினாள், அங்கிருந்து பின்கோட்டுக்கு ஓடினாள், குதித்தாள், விழுந்து எழுந்தாள். மூலைக்கு மூலை ஓடினாள். அவள் எந்தப் பக்கம் போகப் போகிறாள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. என் பிள்ளை இவ்வளவு வேகமாக ஓடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. ஐந்து வயதில் ஓடியதற்குப் பிறகு நான் அவள் ஓடிப் பார்த்ததே இல்லை. போனில் பிள்ளைகள் உட்கார்ந்துதானே பேசுகிறார்கள். தாளைத் தேங்காய் மூட்டையின் மேல் விரித்து, அளவு எழுதுகிற பேனாவால் கையெழுத்துப் போட்டேன். மூட்டையின் மேடு பள்ளத்தில் என் பெயர் கோணலாகப் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி இடது கையால் ஆடுவாள், அவளை எப்படி ஜெயிப்பது என்று ஊர் வந்து சேரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.

ஒரு மழை நாளில், அதற்குப் பிறகு, அந்த மெஷினை அவளே எடுத்து விளையாடினாள். அதில் நமக்கு வேண்டிய சாயலில் பொம்மை செய்துகொள்ளலாம். அவளுக்கு ஒன்று, ஜுலைகாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று செய்தாள். என் பொம்மைக்குக் கருகருவென்று முடியும் அடர்ந்த மீசையும் வைத்திருந்தாள். இது யாரும்மா என்று கேட்டு என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன். ஹாலில் மாட்டியிருக்கிற என் பழைய போட்டோவைக் கை காட்டினாள். அப்படியே விட்டுவிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் நான் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டியைத் திரும்பக் கட்டி எடுத்துவந்து என் சூட்கேஸ் பக்கத்தில் வைத்தாள். பிடிக்கவில்லையாம்மா என்று கேட்டேன். எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். பிடிச்சிருக்குத்தா என்று அவசரமாகச் சொன்னாள்.

"இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்க ரூம்லதான் ஓட எடமில்ல."

ஷார்ஜாவில் எங்கள் அறையின் பொது டி.வி.யில் இப்போது அது இருக்கிறது. வார நாட்களில் செல்வம் அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி பௌலிங் போட்டு எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டபிறகு எனக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். இங்கே மூன்று மணியானால் அங்கே நாலரை, குடோனில் விசில் ஊதுகிற நேரம். அவள் வீட்டுக்கு வந்து சேர இங்கே ஐந்தேகால் ஆகும். அந்த இரண்டேகால் மணி நேரம் என்னால் உட்காரவும் முடியாது, நிற்க அறையில் இடமும் கிடையாது. மெஷினைப் போட்டால் திரையில் குடும்பமாக நாங்கள் மூன்று பேரும் வரிசையாக வந்து நிற்கிறோம். அவளை எதிர்ப்பக்கம் நிறுத்துகிறேன். கீழ்க் கட்டிலில், மேல் கட்டில் தலையில் இடிக்காமல் குனிந்து உட்கார்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டுகிறேன். திரையில் கறுத்த முடியும் மீசையுமாக நான் ஓடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஐந்தேகால் தாண்டிவிட்டது. ஐந்தரை. இன்னும் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது பாய், மழை நாள் என்றார் அண்ணன். ஐந்து நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. ஜுலைகா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். சோபாவில் அஃப்ரின் குறுக்காகப் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறாள். கால் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அதில் தேங்காய் நார் ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். அரக்குச் சிவப்புத் துணி. உறை இல்லாமல் என் சோபாவின் நிறத்தை நானே அப்போதுதான் பார்த்தேன். வந்ததும் உங்க எடத்துல விழுந்துட்டா, எழுப்ப மனசில்ல என்று ஜுலைகா எழுதியிருந்தாள்.

எழுப்பாதே என்று பதில் அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்தால், ஆட்டம் பாதியில் நிற்கிறது. வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய பொம்மை இன்னும் தூங்கவில்லை. பந்து வரட்டும் என்று கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டே நின்றது. அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். எழுந்து, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டடியில் நின்று பந்தை அவளுக்குப் போட்டேன்.